1.2 ஜிபி ப்ராஜெக்டில் கையால் எழுதியது எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த கேள்வி-பதிலைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்து பார்த்தேன், முடியவில்லை, எழுதுகிறேன். ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார்: இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஃபோல்டர் 1.2 ஜிபி ஆகிவிட்டது, ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியவில்லை, வழிகாட்டி ஆசிரியருக்கு எப்படி அனுப்புவது? ஜிப் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி லிங்கை அனுப்புங்கள் என்று உங்கள் நிபுணர் பதில் சொல்லியிருந்தார். தப்பான பதில் என்று சொல்ல மாட்டேன், லிங்க் போய்ச் சேரும்தான். ஆனால் காய்ச்சல் என்று வந்தவரிடம் விசிறி வாங்கிக்கொள்ளச் சொன்ன மாதிரி இருந்தது. அந்த 1.2 ஜிபியில் அந்தப் பெண் தன் கையால் எழுதியது எவ்வளவு என்றல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

நான் 2006 முதல் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வருடத்தில் ஒன்றிரண்டு கல்லூரிகளில் ப்ராஜெக்ட் பார்க்கக் கூப்பிடுவார்கள், போவேன். கடைசியாகப் போனபோது ஒரு பையன் பென் டிரைவில் 740 எம்பி கொண்டுவந்திருந்தான். காப்பி ஆகி முடியும்வரை நாங்கள் எல்லோரும் டீ குடித்துவிட்டு வந்தோம். பிறகு அவனையே பக்கத்தில் உட்கார வைத்துப் பிரித்துப் பார்த்தால், அவன் எழுதியவை 39 கோப்புகள், எல்லாம் சேர்த்து 212 கேபி. செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ இதைவிடப் பெரியது. மீதி முழுக்க இணையத்திலிருந்து தானாக இறங்கிய நூலகங்களும் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகள்), கம்பைலர் செய்து தள்ளிய கோப்புகளும். "இதையெல்லாம் அழித்தால் ஓடாதே சார்" என்றான். அழித்தோம், ஒரு கட்டளை கொடுத்தோம், மூன்று நிமிடத்தில் எல்லாம் திரும்ப வந்து ஓடியது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, நாலு வருடம் சுமந்த மூட்டையில் பாதிக்கு மேல் வைக்கோல் என்று தெரிந்த மாதிரி.

கணினித் துறைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காகக் கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன். நாம் எழுதும் நிரலைக் கணினி பெரும்பாலும் அப்படியே ஓட்டாது. கம்பைலர் மாதிரியான கருவிகள் அதைப் படித்து, கணினிக்குத் தோதான வேறு கோப்புகளாக மாற்றித் தரும். நாம் எழுதியது மூல நிரல், எங்கள் பேச்சில் சோர்ஸ். கருவி தந்தது பில்ட் அவுட்புட். சோர்ஸ் கையில் இருந்தால் அவுட்புட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அவுட்புட்டை மட்டும் வைத்துக்கொண்டு சோர்ஸைத் திரும்ப எடுப்பது கிட்டத்தட்ட ஆகாத காரியம். உங்கள் அலுவலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிருபர் அனுப்பிய செய்தி ஓர் இடத்தில் இருக்கும், அச்சாகி வந்த பேப்பர் கட்டு இன்னோர் இடத்தில் இருக்கும். நேற்றைய பேப்பரில் இன்று போண்டா மடிக்கலாம், யாருக்கும் வருத்தமில்லை. நிருபரின் மூலப் பிரதியில் யாரும் போண்டா மடிக்க மாட்டார்கள். நாங்கள்தான் இரண்டையும் ஒரே மேசையில் கலந்து கொட்டிவிட்டு, எதில் மடிக்கலாம் எதை எடுத்து வைக்க வேண்டும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து டிரைவில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. என் வயதுக்காரர்கள் சி மொழி படித்தது டர்போ சி நீலத் திரையில். ப்ரோகிராமைச் சேமித்தால் அது நேராக சி டிரைவில், டிசி ஃபோல்டருக்குள் இருக்கும் பின் என்ற ஃபோல்டரில் போய் விழும். கம்பைலரே குடியிருந்ததும் அங்கேதான். ஆக கம்பைலர், அந்தக் கணினியில் உட்கார்ந்த அத்தனை பேட்ச் மாணவர்களும் எழுதிய ப்ரோகிராம்கள், அவற்றிலிருந்து கம்பைலர் செய்த ஓபிஜே, இஎக்ஸ்இ கோப்புகள், அப்புறம் பழைய பிரதியாகக் கிடக்கும் பிஏகே எல்லாம் ஒரே குடித்தனம். ஆப்ஷன்ஸ் மெனுவில் டைரக்டரிஸ் என்று ஒன்று இருந்தது, அதற்குள் அவுட்புட் டைரக்டரி என்று ஒரு பெட்டியும் இருந்தது, அதில் வேறு ஃபோல்டரின் பெயரைக் கொடுத்திருந்தால் போதும். எங்களுக்கு ஒருவரும் அந்த மெனுவைத் திறந்து காட்டியதில்லை. ஆனால் ரெக்கார்டு நோட்டில் மட்டும் எய்ம், அல்காரிதம், ப்ரோகிராம், அவுட்புட், ரிசல்ட் என்று தனித்தனித் தலைப்பு போட்டு ஸ்கேல் வைத்து அடிக்கோடு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்து கிடைக்காது. காகிதத்தில் அவ்வளவு ஒழுங்கு, கணினியில் திருவிழாக் கூட்டம்.

அதனால் ஒரு மதியம் முழுக்க வீணானது நன்றாக நினைவிருக்கிறது. 2004 என்று நினைக்கிறேன், ஃப்ளாப்பி காலம். ஒரு கணினியில் பாதி வேலை செய்துவிட்டு ஃபோல்டரை அப்படியே ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு போய் இன்னொரு கணினியில் உட்கார்ந்தேன். தப்பைத் திருத்துகிறேன், சேமிக்கிறேன், ஓட்டுகிறேன், அதே பழைய விடை. ஒரு வரியை அழித்தேன், அதே விடை. வேண்டுமென்றே அபத்தமாக ஒரு எண்ணைப் போட்டேன், அப்போதும் அதே விடை. எனக்குப் பைத்தியம்தான் பிடித்துவிட்டதோ என்றிருந்தது. கடைசியில் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஓபிஜேயையும் இஎக்ஸ்இயையும் அழித்துவிட்டு மறுபடி கம்பைல் பண்ணச் சொன்னார், சரியாகிவிட்டது. காரணம் என்னவென்றால், அந்தக் கணினியின் கடிகார பேட்டரி செத்துப்போய் தேதி 1980 ஜனவரி 1 என்று நின்றிருந்தது. நான் திருத்திய கோப்புக்கு 1980 என்று முத்திரை விழுந்தது, ஃப்ளாப்பியில் கூடவே வந்த ஓபிஜேக்கு 2004. "அவுட்புட் சோர்ஸைவிடப் புதிதாக இருக்கிறதே, எதற்கு மறுபடி கம்பைல் பண்ண வேண்டும்?" என்று கருவி முடிவு செய்துவிட்டது. அதன் கணக்கில் அது சரிதான். நான் சோர்ஸை மட்டும் எடுத்துப் போயிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஒரே ஃபோல்டரில் கிடந்ததால் வேண்டாததும் ஒட்டிக்கொண்டு வந்தது.

இதில் ஓர் ஆறுதல், பெரிய ஆட்களும் இதே குழியில் விழுந்திருக்கிறார்கள். உலகம் முழுக்க இன்றும் ஓடும் மேக் என்ற கருவியை 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். அது பிறந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். யாக் என்ற புகழ்பெற்ற கருவியைச் செய்த ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் திட்டிக்கொண்டே அவர் அறைக்குள் வந்தாராம். சரியாக இருந்த ஒரு ப்ரோகிராமில் தப்பு தேடி ஒரு காலைப் பொழுதையே தொலைத்திருந்தார். தப்பை எப்போதோ திருத்திவிட்டார், அந்தக் கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்துவிட்டார், பக்கத்திலேயே முன்பு கம்பைல் செய்த பழைய ஓ கோப்பு கிடந்தது, அதையே சேர்த்துச் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதைத் தேதியையும் நேரத்தையும் பார்த்துத் தானே முடிவு செய்யும் கருவி அப்படித்தான் வந்தது. ஐம்பது வருடம் ஆகப்போகிறது அல்லது ஆகிவிட்டது, பழைய அவுட்புட் பேயாக வந்து பிடிப்பது மட்டும் நிற்கவில்லை.

என்னைப் பிடித்த பெரிய பேய் 2017 ஜூலையில் வந்தது. அப்போது நானும் இரண்டு நண்பர்களும் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம், பைத்தான் மொழியின் 2.7 பதிப்பில். ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. அதுவரை இருந்த வாட் கணக்குக்கு ஒரு தனிக் கோப்பு, வாட்.பை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டிக்குப் புதுக் கோப்பு எழுதி, பழையதைத் தைரியமாக அழித்துவிட்டோம். எங்காவது யாராவது இன்னும் பழையதைக் கூப்பிட்டால் ப்ரோகிராம் அங்கேயே விழுந்து காட்டிக்கொடுக்கும், உடனே திருத்திவிடலாம் என்று கணக்கு. எங்கள் மூன்று பேர் லேப்டாப்பிலும் எல்லாத் திரையும் ஓடியது. கடைகளில் கிட் புல் அடித்தோம், அதாவது நிரலின் மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியிலிருந்து புதுப் பதிப்பை இறக்கினோம், அங்கேயும் ஓடியது. ஜிஎஸ்டி இவ்வளவு சுலபமா என்று பிரியாணி எல்லாம் சாப்பிட்டோம்.

நாலாவது நாள் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் புதிதாகத் திறந்த கிளையில் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தோம். சரக்கு திருப்பி எடுக்கும் திரையைத் தொட்டதும் அங்கே ப்ரோகிராம் விழுந்தது. வாட் என்ற மாட்யூல் இல்லை என்கிறது. கடைக்காரர் போனில் கத்துகிறார், "பழைய கடையில எல்லாம் நல்லா ஓடுது, இங்க மட்டும் என்னத்த போட்டீங்க?" நாங்களும் புதுக் கணினியில்தான் கோளாறு என்று நினைத்து அதையே நோண்டிக்கொண்டிருந்தோம். ராத்திரி பத்தரை மணிக்குத்தான் உறைத்தது, அந்தப் புதுக் கணினி ஒன்றுதான் உண்மை பேசியிருக்கிறது. பைத்தான் 2 ஒரு கோப்பை முதல்முறை படிக்கும்போது பக்கத்திலேயே அதன் கம்பைல் செய்த வடிவத்தை, வாட்.பைசி என்று, போட்டுவைக்கும். நாங்கள் வாட்.பையை அழித்தோம், வாட்.பைசி எல்லா இடத்திலும் அப்படியே கிடந்தது. மூலக் கோப்பு இல்லாவிட்டாலும் பைத்தான் 2 சத்தமே போடாமல் அந்தப் பைசியை எடுத்து ஓட்டும். ஆக பழைய கடைகளில் எல்லாம் விற்பனைக்கு ஜிஎஸ்டி, சரக்கு திரும்ப வந்தால் பழைய 14.5 சதவீத வாட். 28 சதவீதம் வரி போட்டு விற்ற பெயின்ட் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தவருக்கு 14.5 சதவீதம் சேர்த்துப் பணம் கொடுத்திருக்கிறது எங்கள் மென்பொருள். இல்லாத கோப்பு கணக்குப் போட்டிருக்கிறது! பில் பில்லாக உட்கார்ந்து கண்டுபிடித்து, போன் போட்டு, மீதியைத் திருப்பிக் கொடுக்க வைத்தோம். கடைக்காரரின் கணக்குப்பிள்ளை இன்றும் என்னைப் பார்த்தால் "பெயின்ட் தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.

பைத்தான்காரர்கள் இதை எங்களுக்கு ஆறு வருடம் முன்பே சரி செய்துவிட்டார்கள் என்பதுதான் அவமானம். 2011இல் வந்த பைத்தான் 3.2 முதல் இந்தக் கோப்புகள் பைகேஷ் என்ற தனி உள் ஃபோல்டருக்குப் போய்விட்டன. ஒரே கணினியில் பல பைத்தான் பதிப்புகள் இருந்தால் ஒன்றின் கோப்பை ஒன்று மிதிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த மாற்றத்தின் முதல் நோக்கம். ஆனால் கூடவே, மூலக் கோப்பு இல்லையென்றால் அந்த ஃபோல்டரில் கிடப்பதைத் தொடாதே என்றும் வைத்தார்கள். 2019இல் வந்த 3.8இல் அந்தக் கோப்புகளை சோர்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு இடத்துக்கு அனுப்பவும் வழி வந்தது. நாங்கள் 2017இலும் 2.7ஐக் கட்டிக்கொண்டு அழுதோம், வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சொன்னால் விவரம் தெரிந்த மாணவர்கள் உடனே, "அதான் கிட்இக்னோர் போட்டிருக்கோமே" என்பார்கள். எந்தக் கோப்புகளைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று கிட்டுக்குச் சொல்லும் பட்டியல் அது. நாங்களும் போட்டிருந்தோம். பைசி கோப்புகளைக் கண்டுகொள்ளாதே என்று முதல் வரியே அதுதான். அதனால்தான் வினையே வந்தது. கிட் புல் அடித்தபோது வாட்.பையை கிட் அழித்தது, பைசியை அதன் கண்ணுக்கே தெரியாமல் நாங்கள் மறைத்து வைத்திருந்ததால் விட்டுவிட்டது. நிலவரம் கேட்டால் எல்லாம் சுத்தம் என்று பச்சைக்கொடி காட்டியது. விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது போலத்தான் இது. கிட்இக்னோர் வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் மறைப்பது வேறு, பிரித்து வைப்பது வேறு.

இந்த மறைவைப் பயன்படுத்தி உலகத்தையே கொள்ளையடிக்கப் பார்த்தவர்களும் உண்டு, 2024இல். எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள், லினக்ஸ் இயங்குதளம் ஓடும் அநேகமாக எல்லாக் கணினியிலும் இருக்கும். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அல்லது ஒரு கூட்டம், இரண்டு வருடத்துக்கு மேல் நல்லபிள்ளையாக அதில் வேலை செய்து, பராமரிப்பாளர் என்ற இடத்துக்கே வந்து, 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவை வைத்தார்கள். அது வேலை செய்திருந்தால், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வாசல் பல சர்வர்களில் அவர்களுக்குத் திறந்திருக்கும். எங்கே வைத்தார்கள் என்பதுதான் இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தமான விஷயம். கள்ளச் சரக்கை, சோதனைக்காக வைத்திருக்கும் பைனரி கோப்புகளுக்குள் புதைத்தார்கள், அதில் ஒன்றின் பெயரிலேயே இது கெட்டுப்போன கோப்பு என்று எழுதியிருக்கும், யார் திறந்து பார்ப்பார்கள்? அதைத் தோண்டி எடுத்துப் பில்டுக்குள் செலுத்தும் சாவி, பில்ட்-டு-ஹோஸ்ட் என்ற எம்4 கோப்பு, பில்ட் வேலைக்கு உதவும் ஒரு துணைக் கோப்பு. அந்தச் சாவி எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லவே இல்லை, வெளியீடாகக் கட்டித் தரும் டார் மூட்டையில் மட்டும் இருந்தது. அந்தக் கோப்பின் பெயரை பிப்ரவரியிலேயே கிட்இக்னோரில் சேர்த்தும் வைத்துவிட்டார்கள்.

மூட்டைக்கும் களஞ்சியத்துக்கும் வித்தியாசம் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராதா? வராது, ஏனென்றால் பல வருடமாக அப்படித்தான் வழக்கம். கான்ஃபிகர் மாதிரி, கருவிகளே செய்து தரும் கோப்புகளை, வாங்குபவருக்குச் சிரமம் இல்லாமல் இருக்கட்டும் என்று சோர்ஸ் மூட்டையிலேயே கலந்து அனுப்புவார்கள். ஆயிரக்கணக்கான வரிகள், மனிதர் படிக்கிற மாதிரியே இருக்காது, எல்லோரும் தாண்டிப் போய்விடுவோம். யாரும் படிக்காத இடம்தானே திருடனுக்கு வேண்டும். மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்காரரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தன் கணினியில் எஸ்எஸ்எச் நுழைவுக்கு 0.3 வினாடிக்குப் பதில் 0.8 வினாடி ஆகிறதே என்று விடாமல் நோண்டி, மார்ச் 29ஆம் தேதி ஊருக்குச் சொன்னார். அந்த அரை வினாடியை அவரும் நம்மைப் போல "நெட் ஸ்லோ" என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

சரி, என்னதான் செய்ய வேண்டும்? பில்ட் செய்து தரும் புதிய கருவிகள் பலவற்றில் பாதி வேலையை அவையே செய்துவிடுகின்றன. ஜாவாவில் மேவன் எல்லாவற்றையும் டார்கெட் ஃபோல்டரில் போடும், ரஸ்ட்டில் கார்கோவும் அதே பெயரில், கிரேடில் பில்ட் என்ற ஃபோல்டரில். மெசான் கருவி தனி ஃபோல்டர் கொடுக்காமல் ஆரம்பிக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும், எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பும் அப்படியே. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு ஓ என்ற ஒற்றை எழுத்தில் வெளி ஃபோல்டரைச் சொல்லலாம், ஏற்கெனவே சோர்ஸ் மரத்துக்குள், அதாவது சோர்ஸ் ஃபோல்டருக்குள், ஒருமுறை பில்ட் செய்து கலந்துவிட்டிருந்தால் முதலில் சுத்தம் பண்ணிவிட்டு வா என்று துரத்தும். எல்லோரையும்விடக் கறார் ஜிசிசி கம்பைலர் கையேடு. பில்ட் ஃபோல்டரை சோர்ஸ் மரத்துக்கு முழுக்க வெளியே வைக்கும்படி பலமாகப் பரிந்துரைத்துவிட்டு, உள்ளேயே ஒரு துணை ஃபோல்டராக வைத்தால் அதற்கு ஆதரவு கிடையாது என்கிறது. தெரு வேறாக இருக்கட்டும், ஒரே வீட்டில் அறை மட்டும் பிரித்தால் போதாது என்கிற மாமியார் போல.

சிமேக் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதில் நானே மூன்று முறை மாட்டியிருக்கிறேன். தெரியாத்தனமாக ஒரே ஒரு முறை சோர்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே சிமேக்கை ஓட்டிவிட்டீர்கள் என்றால் அங்கே சிமேக்கேஷ் என்ற கோப்பு உட்கார்ந்துவிடும். அப்புறம் புத்தி வந்து, பில்ட் என்று தனி ஃபோல்டர் செய்து, அதற்குள் போய், மேல் ஃபோல்டரைக் காட்டி ஓட்டினாலும், மேலே அந்தக் கேஷைப் பார்த்துவிட்டு, "ஓ, பில்ட் நடக்கும் இடம் இதுதானா" என்று மறுபடி சோர்ஸுக்குள்ளேயே கொட்டும். உங்கள் புது ஃபோல்டர் காலியாக இருக்கும். அந்தக் கேஷ் கோப்பையும் சிமேக்ஃபைல்ஸ் ஃபோல்டரையும் கையால் தேடி அழிக்கும்வரை விடாது. தான் போட்ட குப்பை எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளும் கட்டளை சிமேக்கில் கிடையாது, பில்ட் ஃபோல்டரையே தூக்கிப் போடுங்கள் என்பதுதான் அதன் பதில். 2018இல் வந்த 3.13 பதிப்பிலிருந்து எஸ், பி என்று இரண்டு எழுத்துகளில் சோர்ஸ் இது, பில்ட் இது என்று தெளிவாகச் சொல்லலாம். அதைப் பழக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

இயந்திரம் எழுதியது எல்லாமே குப்பை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பேக்கேஜ்-லாக், கார்கோ லாக் போன்ற கோப்புகளைக் கருவிதான் எழுதுகிறது, ஆனால் ஒரு ப்ராஜெக்டைச் செய்து முடிக்கிறவர்கள் அவற்றை கிட்டில் வைக்க வேண்டும். எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு என்று அன்று எடுத்த முடிவு அதில் இருக்கிறது, ஆறு மாதம் கழித்து மறுபடி செய்யச் சொன்னால் அதே மாதிரி வராது. நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: இப்போது இதை அழித்தால் நாளைக்கு அச்சு அசலாக இதையே திரும்பச் செய்ய முடியுமா? முடியும் என்றால் அது போண்டா பேப்பர்.

எதிர்த்திசைத் தப்பும் நிறைய நடக்கிறது. அவுட்புட் ஃபோல்டருக்குள் போய்க் கையால் திருத்துவது. எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, வாடிக்கையாளர் இணையதளத்தில் போன் நம்பரை மாற்றச் சொன்னார் என்று, சர்வரில் டிஸ்ட் ஃபோல்டரில் கிடந்த கோப்பிலேயே இரண்டு நிமிடத்தில் மாற்றிவிட்டான். வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி, எங்களுக்கும் பையன் சுறுசுறுப்பு என்று மகிழ்ச்சி. மூன்று வாரம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்குப் பில்ட் ஓடியது, பழைய நம்பர் திரும்ப வந்தது. அந்த நம்பர் அதற்குள் வேறு யாருக்கோ போயிருந்தது என்பதை அந்த யாரோ எங்களைத் திட்டியபோதுதான் தெரிந்துகொண்டோம்.

உங்கள் பக்கத்தில் அடுத்த முறை இடம் இருந்தால் அந்த மாணவிக்கு இதைச் சொல்லுங்கள். ஃபோல்டரை ஜிப் செய்ய வேண்டாம். கிட் வைத்திருந்தால் கிட் கிளீன் கட்டளையோடு எக்ஸ், டி, என் என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து அடித்துப் பார்க்கட்டும், கிட்டில் சேராமல் கிடப்பவற்றைப் பட்டியல் போடும், எதையும் அழிக்காது. பட்டியலை நிதானமாகப் படித்துவிட்டு, என் என்ற எழுத்தை எடுத்துவிட்டு அங்கே எஃப் போட்டால் அழித்துவிடும், குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது, போனது போனதுதான். முக்கியமாக, கடவுச்சொல் எல்லாம் வைக்கும் என்வி கோப்பும் அந்தப் பட்டியலில் வரும், அதை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொள்ளட்டும். போகிற போக்கில் ஒன்று, முழு ஃபோல்டரையும் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுங்கள் என்றீர்களே, அந்த என்வி கோப்பும் சேர்ந்தேதான் போகும். டேட்டாபேஸ் கடவுச்சொல்லோடு ஆசிரியருக்கு லிங்க் அனுப்பிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் மிஞ்சியதை வேறு கணினியில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். ஓடினால் அதுதான் அவர் ப்ராஜெக்ட், அநேகமாக மின்னஞ்சலிலேயே போய்விடும். ஓடவில்லை என்றால் ஏதோ ஒன்று அவருடைய கணினியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை ரிவ்யூ நாளுக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

கல்லூரி ஆசிரியர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்றால் அவர்களிடம் ஒரே வேண்டுகோள். முதல் லேப் வகுப்பில் ஹலோ வேர்ல்டு எழுத வைத்த கையோடு, வந்த அவுட்புட்டை அழிக்கச் சொல்லுங்கள், மறுபடி செய்யச் சொல்லுங்கள். பத்து நிமிடம் ஆகாது. பாடத்திட்டத்தில் இல்லை என்பீர்கள், ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடுவதும்தான் பாடத்திட்டத்தில் இல்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, ஊருக்கு உபதேசம் பண்ணுகிறோமே, நம் லேப்டாப் எப்படி இருக்கிறது என்று அதே கட்டளையை அடித்துப் பார்த்தேன். பில்ட் ஃபோல்டர் மட்டும் 11 ஜிபி. அழிக்கலாம் என்று கையைக் கொண்டுபோனவன், எதற்கும் இருக்கட்டும் என்று திறந்து பார்த்தால், உள்ளே 'குறிப்பு' என்று நானே எழுதி வைத்த ஒரு கோப்பு, ஒரு வாடிக்கையாளரின் சர்வரை மாற்றியமைத்த வழிமுறை முழுக்க இரண்டு பக்கத்துக்கு. எப்போது அங்கே சேமித்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. அதை எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். நீளம் அதிகமென்றால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள், பெயின்ட் தம்பி பகுதியை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள், கணக்குப்பிள்ளை உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பாளையங்கோட்டை